தட்டில் முளைத்த மூச்சுக்குழாய்

மூக்கடைப்புக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட யாரோ ஒருவரின் மூக்கிலிருந்து வெட்டி எடுத்த சதைத் துணுக்கு. வழக்கமாக ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிந்து போயிருக்க வேண்டியது. அதிலிருந்து வந்த செல்கள் இப்போது என் கண்ணுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் வட்டத்துக்குள், நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் நுண்மயிரை அடித்துக்கொண்டிருக்கின்றன. உடம்பு கிடையாது. நரம்பு கிடையாது. அடி என்று சொல்ல மூளையும் கிடையாது. சொந்தக்காரர் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்து, அடைப்பு நீங்கிய மூக்கோடு நாசி லெமாக் மணத்தை அனுபவித்துக்கொண்டிருப்பார். இவை பாட்டுக்கு இங்கே வேலை பார்க்கின்றன!

"அம்மாடி!" என்று கத்திவிட்டேன்.

"சித்தி, மெதுவா. மேசை ஆடுது."

கத்தாமல் எப்படி இருப்பது? மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது படமில்லை, உயிர். வட்டம் முழுக்க மினுமினுவென்று ஒரு நடுக்கம். ஒரு செல்லின் தலையில் சுமார் 200 நுண்மயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு நீளம்கூட வராது. அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பக்கமாக வளைந்து நிமிர்கின்றன. உங்கள் மூக்கிலும் தொண்டைக்குக் கீழே போகும் குழாயிலும் இந்தக் கணம் இதேதான் நடக்கிறது. தூசியையும் கிருமியையும் ஒட்டவைத்த சளியை அவை மேலே மேலே தள்ளிக்கொண்டு வந்து தொண்டையில் சேர்க்கின்றன, நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறோமே, அதையெல்லாம் சலிக்கும் துப்புரவுப் படை இதுதான். இதற்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனவள் என் அக்கா மகள். சுங்கை சிப்புட் பிள்ளை. கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். "எங்க இடத்துப் பேரு, என் பேரு எதுவும் போடக்கூடாது" என்ற நிபந்தனையோடு அழைத்தாள். ஈப்போ ஸ்டேஷனில் காலை இடிஎஸ் ரயிலைப் பிடித்தவள் நான். வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகளைக்கூடப் பார்க்கவில்லை. மனம் முழுக்க 'மூச்சுக்குழாய் வளர்க்கிறார்களாமே' என்பதிலேயே இருந்தது.

முதல் வேடிக்கை வாசலில். செருப்பைக் கழற்று, வேறு செருப்பு போடு, கோட்டு போடு, முடியை மூடு, கையுறை மாட்டு. கையுறைமேல் 70 சதவீத ஆல்கஹால் தெளிப்பு. என் கைப்பேசிக்கும் தெளிப்பு. அந்தக் கையுறையைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பாவும் அம்மாவும் விடியற்காலை பெரட்டுக்குப் போய் நின்று, நிரை வாங்கி, பால்மரம் வெட்டியவர்கள். 1877-ல் இந்த நாட்டு மண்ணில் ரப்பர் கன்று வேர்பிடித்ததே நம் கோலகங்சாரில்தான். அந்தக் காலத்து மரமொன்று இன்னும் அங்கே நிற்கிறது. உலகத்து ரப்பர் கையுறைகளில் பாதிக்கு மேல் செய்து அனுப்பிய நாடு மலேசியா. பேத்தி கையில் மாட்டியிருக்கும் கையுறையோ பால்மரத்துப் பாலில் செய்ததில்லை. நைட்ரைல், பெட்ரோலிய வம்சம். இயற்கை ரப்பரில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தருவதால் ஆய்வுக்கூடங்கள் மாறிவிட்டனவாம். தாத்தா வெட்டிய பால் பேத்தி கை வரைக்கும் வந்து சேரவில்லை பாருங்கள்!

சரி, செல் எங்கிருந்து வருகிறது? இதற்கு நம் நாட்டிலேயே நல்ல வழி ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மூச்சுக்குழாய்ச் செல் வேண்டும் என்றால் ஆளை மயக்கி, குழாய்விட்டு, உள்ளே பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும். அல்லது நுரையீரல் அறுவையில் வெட்டிய பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். மூக்குக்குள்ளே இருக்கும் சுருள் எலும்பு மடிப்புகளின் மேலும் ஏறக்குறைய அதே உள்தோல்தான் போர்த்தியிருக்கிறது. அந்த மடிப்பு வீங்கி அடைத்துக்கொண்டவர்களுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அதைக் குறைத்துவிடுகிறார்கள். வெட்டிய துண்டு மீதி. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், செராஸில், ருஸிமா இட்ருஸ், அமினுடின் சாயிம் ஆகியோரின் திசுப் பொறியியல் குழு அந்த மீதியைக் கையில் எடுத்தது. 2007-ல் 'லாரிங்கோஸ்கோப்' என்ற மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் கருத்து இதுதான்: மூக்குச் சதையே மூச்சுப்பாதைச் செல்லுக்கு நல்ல ஊற்று.

அதில் ஒரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. துணுக்கில் இரண்டு வகைச் செல் இருக்கும். நமக்கு வேண்டிய உள்தோல் செல் ஒன்று. அதற்கு அடியில் தாங்கி நிற்கும் நார்ச்செல் இன்னொன்று. நார்ச்செல் கண்டபடி பெருகும், விட்டால் தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் வழக்கமாக முதலிலேயே அதைத் துரத்தப் பார்ப்பார்கள். நம்மவர்கள் துரத்தவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் சேர்ந்து வளரவிட்டார்கள். நார்ச்செல் சுரக்கும் சத்துக்களில் உள்தோல் செல்லும் தெம்பாக வளர்கிறது. போதும் என்றபோது டிரிப்சின் என்ற நொதியைக் கொஞ்ச நேரம் ஊற்றினால், பிடிப்பு குறைந்த நார்ச்செல்கள் முதலில் கழன்று வந்துவிடும். உள்தோல் செல்கள் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆளை உபயோகித்துக்கொண்டு அப்புறம் நாசூக்காக அனுப்பிவைப்பது! அவர்களின் கனவு ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. நோயாளியின் சொந்தச் செல்லையும் சொந்த ரத்தப் பிளாஸ்மாவில் எடுத்த ஃபைப்ரினையும் வைத்து, கெட்டுப்போன மூச்சுக்குழாய்க்கு மாற்று செய்ய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

"மூக்குத் துண்டு வந்த அன்னிக்குத்தான் எனக்குப் பயமே" என்றாள் பிள்ளை. "மூக்கு சுத்தமான இடமா சித்தி? உள்ள என்னென்னமோ குடியிருக்கும். ஆண்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து எல்லாம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவணும். ஒரு பூஞ்சை வித்து தப்பிச்சாப் போதும், மூணு நாள்ல தட்டுல பஞ்சு பறக்கும்." மழையும் புழுக்கமுமான நம் ஊரில் பூஞ்சைக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

தப்பித்த செல்களின் வீடு ஒரு இன்குபேட்டர். குளிர்பெட்டி மாதிரிதான் தெரிகிறது, திறந்தால் அனல். 37 டிகிரி, 5 சதவீதக் கரியமில வாயு, நல்ல ஈரப்பதம். உணவு, ரோஜா நிறத் திரவம். சிராப் பண்டுங் என்று நினைத்துவிட்டேன்! நிறம் ருசிக்கு இல்லை. செல்கள் தின்று கழித்து அமிலம் கூடினால் அது மஞ்சளாகிவிடும். ஆக, மஞ்சள் தெரிந்தால் பசி என்று அர்த்தம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஞாயிறா, பெருநாளா என்று செல் கேட்காது.

இந்தக் கட்டத்தில் தட்டில் இருப்பவை அடிச்செல்கள். மற்ற எல்லா வகைக்கும் தாய் இவைதான். கல் பாவிய தரை போல நெருக்கமாகப் படிந்திருக்கும், ஆனால் ஒரு மயிரும் இல்லை, ஒரு சொட்டுச் சளியும் இல்லை. எவ்வளவு தின்னக் கொடுத்தாலும் அப்படியே கிடக்கும். ஏன் தெரியுமா? மூழ்கிக் கிடக்கிறதே, அதனால்! மூச்சுக்குழாயின் உள்தோல் நம் உடம்பில் ஒரு வினோதமான இடத்தில் வாழ்கிறது. அடியில் ரத்தமும் திசுநீரும்; தலைக்கு மேலே வெறும் காற்று. காற்றுப் படாமல் அதற்குத் தான் யார் என்றே தெரியாது.

ஆகவே காற்றுப் பட வைக்கிறார்கள். நான் பார்க்க வேண்டும் என்று ஓடி வந்ததே இதைத்தான். ஒரு குழிக்குள் சிறு கிண்ணம் தொங்குகிறது. கிண்ணத்தின் அடித்தட்டு மெல்லிய சவ்வு, அதில் 0.4 மைக்ரோமீட்டர் அளவில் எண்ணிலடங்காத துளைகள். செல் நழுவ முடியாது, சத்து மட்டும் ஏறிவரும். சவ்வின் மேல் அடிச்செல்களை விதைத்து, மேலும் கீழும் திரவம் ஊற்றிச் சில நாள் விடுகிறார்கள். இடைவெளி இல்லாமல் மூடியதும் ஒருநாள், மேலே இருக்கும் திரவம் முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். அடியில் மட்டும் சாப்பாடு, மேலே காற்று.

அதை என் முன்னாலேயே செய்து காட்டினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காற்று சீராக ஓடும் கூண்டுக்குள் கையை விட்டு, கண்ணாடிக் குழாயின் நுனியைக் கிண்ணத்தின் ஓரச் சுவரில் சாய்த்தாள். சவ்வைத் தொட்டால் செல் பிய்ந்துவிடும். ரோஜா நிறம் சுர்ரென்று இறங்கியது. கிண்ணம் வறண்டது. எனக்குப் பதைபதைத்தது, காய்ந்து போய்விடாதா என்று. "காயாது சித்தி. இனிமே தனக்கு வேணும்கிற ஈரத்தைத் தானே பண்ணிக்கும்." அன்றிலிருந்து ஒரு நாட்காட்டி ஓடுகிறது. இரண்டு வாரத்தில் சளி தலைகாட்டும். மூன்றாம் வாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுண்மயிர். நான்கு வாரம் ஆனால் அடிச்செல், சளி சுரக்கும் கோப்பைச் செல், மயிர்ச் செல் என்று குடும்பமே கூடிவிடும். 1988-ல் விட்கட், ஆட்லர், வூ ஆகிய மூவரும் கினிப் பன்றியின் மூச்சுக்குழாய்ச் செல்களை இப்படிக் காற்றுக்குத் தூக்கிக் காட்டியது இந்த வழியைத் திறந்துவிட்டது. மனிதச் செல்லுக்கும் இன்று உலகம் முழுக்க இதே வழிதான்.

நடுவில் ஒரு சின்னப் புட்டியை எடுக்கும்போது விளக்கை அணைத்தாள். மந்திரம் போடப் போகிறாளோ என்று பார்த்தேன். ரெட்டினோயிக் அமிலம், வைட்டமின் ஏ-யின் வாரிசு. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். இது இல்லாவிட்டால் எவ்வளவு காற்று காட்டினாலும் செல்கள் மயிர் முளைக்காமல், நம் வெளித்தோலைப் போல் தட்டையாகக் காய்ந்து தடித்துவிடும். இதை இந்தக் காற்றுத் தட்டு முறை வருவதற்கு முன்பே, 1925-ல், வோல்பாக், ஹவ் என்ற இருவர் வைட்டமின் ஏ இல்லாமல் வளர்த்த எலிகளின் மூச்சுக்குழாயில் பார்த்து எழுதிவிட்டார்கள். லயத்து வாசலில் முருங்கை வளர்த்து, கீரையைக் கட்டாயமாகத் தின்ன வைத்த அம்மாக்களுக்கு என் வணக்கம்.

வளர்ந்தது சரியாக வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி. அதன் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குச்சிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் பெயரே 'சாப்ஸ்டிக்'! ஒரு குச்சி கிண்ணத்துக்குள், இன்னொன்று வெளியே. செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டிருந்தால் மின்சாரம் நுழையத் திணறும். சில நூறு ஓம் என்று எண் ஏறும். ஓட்டை இருந்தால் விழுந்துவிடும். ஹோர் ஃபன் சாப்பிட்டே கை பழகிய ஈப்போக்காரிக்கு இதைப் பிடிக்கச் சொல்லித் தரவா வேண்டும்? கேட்டுப் பார்த்தேன். தரவில்லை.

பதிலுக்கு இன்னொரு தட்டைக் காட்டினாள். கழுவாமல் விட்ட தட்டு. வாரம் ஒருமுறை உப்புநீரால் மேலே சேர்ந்த சளியைக் கழுவிவிட வேண்டும். கழுவாவிட்டால் நடப்பதுதான் கூத்து. மூச்சுக்குழாயில் சளிக்குப் போக வழி இருக்கிறது, தொண்டை. வட்டக் கிண்ணத்தில் ஏது தொண்டை? நுண்மயிர்கள் தள்ளிக்கொண்டே இருக்க, சளியும் அதில் ஒட்டிய செத்த செல்களும், தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயில் பக்கம் கார் நிறுத்த இடம் தேடுகிறவர்கள் மாதிரி, சுற்றிச் சுற்றிச் சுற்றி வருகின்றன. நடுவில் ஒரு சுழி. 1998-ல் அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் மாட்சுயி, பவுச்சர் குழுவினர் இந்தச் சுழலுக்கு 'சளிப் புயல்' என்றே பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான செல்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரே திசையில் அடித்தால்தான் இப்படிச் சுழலும். தட்டை வெளியே வைத்துக்கொண்டு நான் வாயைப் பிளந்து பார்க்கப் பார்க்க, சுழல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஏர்கண்டிஷன் குளிர்! சூடு குறைந்தால் நுண்மயிரின் வேகமும் குறையும். "போதும், குடுங்க" என்று பிடுங்கி இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டாள்.

இத்தனை பாடு எதற்கு? எலியை வைத்துப் பார்த்தால் ஆகாதா? ஆகாதாம். எலிக்கு அடிச்செல்கள் மூச்சுக்குழாயின் மேல்பகுதியோடு ஏறக்குறைய நின்றுவிடும்; நமக்கோ நுண்ணிய கிளைகள் வரைக்கும் இறங்கிப் போகும். என்றும் சாகாத புற்றுநோய்ச் செல்கள் சந்தையில் கிடைக்கின்றன, வளர்ப்பதும் எளிது. ஆனால் அவற்றில் மயிர் முளைப்பதில்லை, அவை காற்றை மதிப்பதில்லை. சில வைரஸ்கள் இந்தப் போலிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஹாங்காங்கில் கண்டுபிடித்த எச்கேயு1 என்ற சளிக்காய்ச்சல் கொரோனா வைரஸ் பல ஆண்டு எந்தச் செல்லிலும் வளர மறுத்தது. 2010-ல் காற்றுப் பட்ட மனித மூச்சுப்பாதைச் செல்லைக் கொடுத்ததும் வளர்ந்துவிட்டது. பத்து வருடம் கழித்து அதன் பெரிய உறவினர் வூஹானில் கிளம்பியபோது, சீன ஆய்வாளர்கள் நோயாளியின் மாதிரியை ஊற்றியதும் இதே வகைச் செல்களின் மேல்தான். நுரையீரல் அறுவையில் கிடைத்த திசுவிலிருந்து, நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் வளர்த்தவை. 96 மணி நேரம் கழித்துப் பார்த்தால் நுண்மயிர்கள் அடிப்பதை நிறுத்தியிருந்தன. 2020 ஜனவரியில் உலகத்துக்குச் சொன்ன அந்தக் கட்டுரையில் இது ஒரு வரி. நான் அன்றைக்குப் படித்திருந்தால் அந்த ஒரு வரியிலேயே எனக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

இன்னொன்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய். சளி பசையாகி நுரையீரலை அடைத்துவிடும். அந்த நோயாளிகளின் மூச்சுப்பாதைச் செல்களையே தட்டில் வளர்த்து, அதன் மேல் மருந்தைச் சோதித்து, நுண்மயிர் மறுபடி எழுந்து அடிக்கிறதா என்று பார்த்து உருவான மருந்து ஐவாகாஃப்டர். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2018-லோ இந்த உள்தோலில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு புதுவகைச் செல்லையே கண்டுபிடித்தார்கள். நூறு செல்லில் ஒன்றுகூட வராத அபூர்வம். நூற்றாண்டுக்கு மேலாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்! நம் மூக்கிலேயே இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ.

இனி நம் ஊர்க் கதை. இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவைச் சுற்றி, கிந்தா வட்டாரத்தில், பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்கள் காய்ச்சலும் தலைவலியுமாக விழுந்தார்கள், சிலர் நினைவிழந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பண்ணையில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணுக்கு முன்னாலேயே, காதுக்கு முன்னாலேயே இருந்தது: பன்றிகள் இருமின. குரைப்பது போன்ற, தூரத்துக்குக் கேட்கும் இருமல். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி இருமாது. விற்ற பன்றிகளோடு நோயும் லாரி ஏறி நெகிரி செம்பிலானுக்குப் போனது. சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங், நோயாளியின் மாதிரியைக் குரங்குச் சிறுநீரகச் செல்களில் வளர்த்தபோது செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்வதைக் கண்டார். அதுவரை உலகம் அறியாத வைரஸ், நிப்பா. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். சீனர்கள்தான் அதிகம், நம்மவர்களும் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். பழந்தின்னி வௌவால்கள் வந்து போகும் மாமரங்களுக்குக் கீழே பன்றிக் கொட்டில்கள் இருந்ததிலிருந்து எல்லாம் தொடங்கியது என்று பின்னால் ஆய்வுகள் விளக்கின.

மூளையைத் தாக்கிய நோய் என்றுதான் நாம் நிப்பாவை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் பன்றியிடமிருந்து மனிதனுக்கு அது வந்த வழி அந்த இருமல். வைரஸ் பன்றியின் மூச்சுக்குழாய் உள்தோலில் பெருகி மூச்சோடும் சளியோடும் வெளியே வந்தது. என் அக்கா மகள் வளர்க்கிறாளே, அதே உள்தோல்தான், வேறு விலங்கினுடையது. 2013-ல் டெக்சஸின் கால்வெஸ்டனில், உச்சப் பாதுகாப்பு உள்ள ஆய்வுக்கூடத்தில், மனித மூச்சுப்பாதைச் செல்களில் நிப்பாவை விட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே வளர்ந்தது, செல்கள் அழற்சிக்கான அபாயச் செய்திகளை அனுப்பத் தொடங்கின. மலேசியாவில் ஆளிடமிருந்து ஆளுக்கு அவ்வளவாகப் பரவாத வைரஸ், வங்காளதேசத்திலும் 2018-ல் கோழிக்கோட்டிலும் இருமலோடு கூடவே பரவியது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தத் தட்டுகள் வேண்டும். கேள்வி ஈப்போவில் பிறந்தது. பதிலைத் தேடும் தட்டு கால்வெஸ்டனில் இருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அதற்காக ஈப்போவில் எவரும் நிப்பா வளர்க்க வேண்டாம், தெய்வமே! ஆனால் வைரஸே தேவையில்லாத வேலை எவ்வளவு இருக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் புகைமூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1997, 2015, 2019. பள்ளியை மூடுகிறோம், முகமூடி போடுகிறோம், காற்றுக் குறியீட்டு எண்ணைப் பார்க்கிறோம். புகை எங்கே இறங்குகிறதோ அந்த இடம் இதோ தட்டில் இருக்கிறது. மேலே திரவம் இல்லாததால் புகையை நேராகவே அதன்மேல் விடலாம், கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. நுண்மயிர் தளர்கிறதா, பூட்டு கழல்கிறதா, சளிச்செல்கள் கூடிப்போகின்றனவா என்று நாள்தோறும் எண்ணலாம். தோட்டத்து ஆட்களின் நுரையீரல் இன்னும் பழைய கணக்கு. அமிலம் ஊற்றி உறையவைத்த பாலைத் தகடாக உருட்டி, விறகுப் புகையில் நாள்கணக்காகத் தொங்கவிட்டு உலர்த்தினார்கள்; அந்தக் கூடத்துக்குள் போய் வந்தவர்களின் சட்டையை எவ்வளவு துவைத்தாலும் வாடை போகாது. உள்ளே இருந்த உள்தோலை யார் பார்த்தார்கள்? ஈப்போ ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய் மருத்துவராக இருந்த ஜெயக்குமார் தேவராஜ் தோட்டத்து மக்களோடு நின்று, 2008-ல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார். இருமலைக் கேட்ட மருத்துவர் அரசியலுக்குப் போக வேண்டியிருந்தது என்றால், கோளாறு குழாயில் மட்டும் இல்லை என்று தெரிகிறதல்லவா.

செல் வளர்ப்பு பேராக்குக்கு அந்நியமும் இல்லை. ஈப்போவின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நம் பெற்றோர் காலத்திலிருந்தே கோழிக்கும் மாட்டுக்கும் வரும் வைரஸ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. கம்பாரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. மூக்கடைத்த ஈப்போக்காரர்களுக்கோ பஞ்சமே இல்லை! சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். இந்தக் கடைசி வாதத்தை முன்வைத்தபோது பிள்ளை சிரிக்கவில்லை. "செலவு தெரியுமா சித்தி? இந்தக் கிண்ணம் ஒருதரம்தான். அந்த ரோஜாத் தண்ணி, வாங்கி வரதுக்குள்ள ஒரு கப்பல் வாங்கலாம்." ஒரு மூக்குத் துண்டின் செல்களும் வற்றாத ஊற்றில்லை. இரண்டு மூன்று தலைமுறை பிரித்து நட்டால் களைத்துப்போய் மயிர் முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கும். 2012-க்குப் பிறகு, எலியின் நார்ச்செல்லைத் துணைக்கு வைத்து ஒரு ரசாயனமும் சேர்த்தால் களைப்பைத் தள்ளிப்போடலாம் என்று தெரியவந்திருக்கிறது. மிச்சத்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் தூங்கவைக்கிறார்கள். மூடியைத் திறந்து காட்டினாள். வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. உள்ளே கட்டைவிரல் நீளக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் மட்டும். யாருடைய மூக்கு என்று அவளுக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

வெளியே வரும்போது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். யார், எந்த நாள், எந்தத் தட்டுக்குச் சாப்பாடு என்ற முறைவைப்பு. நோன்புப் பெருநாள் கட்டங்களில் எல்லாம் இவள் கையெழுத்து. சீனப் பெருநாள் கட்டங்களில் ஒரு மலாய்க்காரத் தம்பியின் பெயர், பக்கத்தில் மறுபடி இவள்.

"அப்ப தீபாவளிக்கு?"

"கேக்காதீங்க. நாலு வாரத் தட்டு அன்னிக்குத்தான் முடியுது, விட்டா எல்லாம் போச்சு. ஒரு சீனத் தோழி ஒத்துக்கிட்டா."

"சும்மாவா?"

"சும்மாவா லா? ரெண்டு டின் முறுக்கு. ஒண்ணு நீங்க சுடுறீங்கன்னு சொல்லிட்டேன்."